மதர்போர்டு போர்ட்டா, தனிக் கார்டா? எடிட்டிங் கம்ப்யூட்டரில் அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

ஃபுட்டேஜ் இறங்க நேரமாகிறது, டிஸ்க் நடுவில் அறுந்துபோகிறது, டைம்லைன் திக்குகிறது என்றதும் பலரும் உடனே கம்ப்யூட்டருக்குள் சொருகும் ஒரு யூஎஸ்பி கார்டோ, தண்டர்போல்ட் (டைப் சி வடிவில் வரும் இன்னொரு வேக இணைப்பு) கார்டோ வாங்கிப் போட்டுவிட நினைக்கிறார்கள். சில சமயம் அது சரியான முடிவுதான். ஆனால் கார்டு போட்ட பிறகு வேகம் முன்பைவிடக் குறைந்த கதைகளும் நிறைய உண்டு. காரணம் எளிது. போர்ட்டின் மேல் எழுதியிருக்கிற வேகம் வேறு, அந்தப் போர்ட்டிலிருந்து ப்ராசசர் வரை டேட்டா போகிற வழியின் வேகம் வேறு. கேபிள், போர்ட், போர்ட்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப், கார்டு உட்காரும் ஸ்லாட், மதர்போர்டின் பல இணைப்புகளை ப்ராசசரோடு சேர்க்கும் சிப்செட் என்று இருக்கிற வரிசையில் எது மெதுவோ அதுதான் உங்கள் வேகம். அதைக் கண்டுபிடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

தொடங்கும் முன் சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாம் இதை வைத்துத்தான் பேசப்போகிறேன். யூஎஸ்பி 2.0 நிஜத்தில் நொடிக்கு 35 முதல் 40 மெகாபைட் வரை தரும். 5 கிகாபிட் போர்ட் 400 முதல் 450 வரை. 10 கிகாபிட் போர்ட் 1000-ஐ ஒட்டி, 20 கிகாபிட் போர்ட் 2000-ஐ ஒட்டி. தண்டர்போல்ட் 3, 4 இரண்டிலும் நல்ல என்விஎம்இ பெட்டி (வேகமான எஸ்எஸ்டியை உள்ளே வைத்த வெளி டிஸ்க்) இருந்தால் 2500-ஐத் தாண்டும். யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 கிகாபிட்தான், அதனால் பெட்டியில் இருக்கிற பெயரை விட்டுவிட்டு கிகாபிட் எண்ணை மட்டும் பாருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: வேகம் அளக்க கிரிஸ்டல் டிஸ்க்மார்க் அல்லது பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட், எந்த டிவைஸ் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்க்க யூஎஸ்பி ட்ரீ வியூ, ஸ்லாட்டில் எத்தனை லேன் (டேட்டா போகும் தடம்) ஓடுகிறது என்று பார்க்க ஹெச்டபிள்யூ இன்ஃபோ, அப்புறம் மதர்போர்டின் மேனுவல். மேனுவலில் பிளாக் டயகிராம் என்று ஒரு படம் இருந்தால் அதுதான் தங்கம், எந்தப் போர்ட் நேரே ப்ராசசருக்குப் போகிறது, எது சிப்செட் வழியாகச் சுற்றிப் போகிறது என்று அது காட்டிவிடும்.

காப்பி வேகம் 40 மெகாபைட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது

இது யூஎஸ்பி 2.0 இணைப்பு, சந்தேகமே வேண்டாம். முதல் சந்தேகம் கேபிள் மேல். போனோடு வரும் டைப் சி கேபிள்களில் பெரும்பாலானவை சார்ஜ் ஏற்றத்தான், உள்ளே 2.0 கம்பிகள் மட்டும் இருக்கும், பார்க்க மற்றதைப் போலவே இருக்கும். டிஸ்க்கோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். அடுத்து, கறுப்பு நிற டைப் ஏ போர்ட்டில் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள், கறுப்பு பல போர்டுகளில் 2.0, ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை என்பதால் மேனுவலைப் பார்ப்பதே நல்லது. டைப் ஏ பிளக்கைத் தயங்கித் தயங்கிச் சொருகினால் முன்வரிசைப் பின்கள் முதலில் தொட்டு அது 2.0-ஆகவே பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒருமுறை பிடுங்கி ஒரே அழுத்தில் சொருகுங்கள். இதற்கெல்லாம் கார்டு வாங்கத் தேவையே இல்லை.

10 கிகாபிட் டிஸ்க், ஆனால் 400-லேயே நிற்கிறது

மதர்போர்டு போர்ட்டில் இப்படி என்றால் நீங்கள் 5 கிகாபிட் போர்ட்டில் இருக்கிறீர்கள், பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. முன்பக்கப் போர்ட்டாக இருந்தால் கேஸின் உள் கேபிள் மதர்போர்டில் எந்த ஹெட்டரில் (உள் கேபிள் சொருகும் பின் வரிசை) போய்ச் சேர்கிறது என்று பாருங்கள், வழக்கமான 19 பின் ஹெட்டர் 5 கிகாபிட்தான், முன்பக்க டைப் சி-க்கு வேறு ஹெட்டர் இருக்கிறது.

கார்டில் இப்படி என்றால் கதை வேறு, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கார்டு ஸ்லாட்டின் இணைப்பு முறைக்கு பிசிஐஇ என்று பெயர். பிசிஐஇ 2.0-இல் ஒரு லேன் நொடிக்கு 500 மெகாபைட், 3.0-இல் 985 சொச்சம், 4.0-இல் 1970-ஐ ஒட்டி. மலிவாகக் கிடைக்கும் நாலு போர்ட் யூஎஸ்பி 3.0 கார்டுகள் பெரும்பாலும் பிசிஐஇ 2.0, ஒரே லேன். ரெனசாஸ் நிறுவனத்தின் பழைய நாலு போர்ட் சிப் அப்படித்தான். அதாவது நாலு போர்ட்டும் சேர்ந்து அந்த 500-ஐப் பங்கு போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 5 கிகாபிட் என்று அட்டையில் போட்டிருப்பது தனித்தனியாகப் பார்த்தால் பொய்யில்லை, ஆனால் இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றுக்கு 200 கிடைத்தாலே பெரிது. சொல்லப்போனால் மதர்போர்டிலேயே சும்மா கிடக்கும் ஒரு 10 கிகாபிட் போர்ட் இந்தக் கார்டு முழுவதையும் தோற்கடித்துவிடும்.

இன்னொரு விஷயம், கார்டு எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பது. பார்க்க முழு நீள ×16 (16 லேன்) ஸ்லாட்டாக இருக்கும், உள்ளே நாலு லேனோ சமயத்தில் ஒரே ஒரு லேனோதான் இணைத்திருப்பார்கள். ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் அந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்து அதிகபட்ச லிங்க், தற்போதைய லிங்க் இரண்டையும் ஒப்பிடுங்கள். கார்டு ×4 கேட்கிறது, ஓடுவது ×1 என்றால் ஸ்லாட்டை மாற்றினாலே வேகம் வந்துவிடும்.

20 கிகாபிட் டிஸ்க், ஆனால் 1000-தான் வருகிறது

யூஎஸ்பி 3.2 ஜென் 2×2 என்கிற 20 கிகாபிட் வகை தனி ஜாதி. தண்டர்போல்ட் 3, 4 போர்ட் 40 கிகாபிட் ஆயிற்றே, 20 வராதா என்று கேட்பார்கள். வராது, பெரும்பாலும் 10-க்கு இறங்கிவிடும், இரண்டும் பேசிக்கொள்ளும் விதமே வேறு. போர்டின் பின்பக்கம் 20 என்று குறித்த டைப் சி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் இது கார்டு வாங்க நியாயமான காரணம்தான், ஆனால் ஏஎஸ்மீடியா 3242 மாதிரி சிப் உள்ள கார்டாக, பிசிஐஇ 3.0 ×4 உள்ளதாக இருக்க வேண்டும், அதை வைக்க நிஜமாகவே நாலு லேன் ஓடும் ஸ்லாட் உங்களிடம் காலியாக இருக்க வேண்டும். டிஸ்க் இன்னும் வாங்கவில்லை, போர்டில் தண்டர்போல்ட் இருக்கிறது என்றால் தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 பெட்டியாக வாங்கிவிடுங்கள், கார்டு பேச்சே எழாது.

தனியாக ஓடினால் வேகம், சேர்ந்து ஓடினால் படுத்துவிடுகிறது

எடிட்டருக்கு இதுதான் அதிகம் வலிக்கும் அறிகுறி. மெமரி கார்டு ரீடரிலிருந்து காப்பி ஓடுகிறது, வேலை டிஸ்க்கில் டைம்லைன் ஓடுகிறது, பேக்கப் டிஸ்க்கில் எழுதுகிறது, மூன்றும் ஒரே நேரத்தில். தனித்தனியே சோதித்தால் எல்லாம் நன்றாக இருக்கும், சேர்ந்தால் ஃபிரேம் விழும்.

யூஎஸ்பி ட்ரீ வியூவில் மூன்றும் ஒரே ஹப்புக்குக் கீழே தொங்குகின்றனவா என்று பாருங்கள். சில மதர்போர்டுகளில் பின்பக்கப் போர்ட்களிலேயே பாதி, போர்டுக்குள் இருக்கும் ஒரு ஹப் சிப்பில் இருந்துதான் வரும், வெளியே ஹப் இல்லை என்பதால் நாம் கவனிப்பதில்லை. வேலை டிஸ்க்கை ஒரு பக்கம், பேக்கப்பை வேறு கன்ட்ரோலருக்கு என்று பிரித்துப் பாருங்கள்.

பிரித்தும் விழுகிறது என்றால் சிப்செட்டைப் பாருங்கள். யூஎஸ்பி, சாட்டா (உள் டிஸ்க் இணைப்பு), நெட்வொர்க், இரண்டாவது மூன்றாவது எம்.2 (எஸ்எஸ்டி சொருகும் இடம்) எல்லாம் பல தெருக்கள் மாதிரி, கடைசியில் ப்ராசசருக்குப் போக ஒரே பாலத்தில்தான் ஏற வேண்டும். அந்தப் பாலம் ஏஎம்டி பி550 போர்டில் பிசிஐஇ 3.0 ×4, அதாவது நொடிக்கு 3.9 கிகாபைட். எக்ஸ்570-இல் அதைப்போல இரண்டு மடங்கு. இன்டெல் பி660, பி760-இல் 7.9 கிகாபைட், இசட்690, இசட்790-இல் 15.8-ஐ ஒட்டி. பி550-இல் சிப்செட்டில் தொங்கும் ஒரு எம்.2-இலிருந்து படித்து, சிப்செட் வழி 10 கிகாபிட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டு, நடுவில் 10 கிகாபிட் நெட்வொர்க்கும் வைத்தால் நெருக்கடி வரலாம். இந்த நிலையில் கார்டு வாங்கி அதையும் சிப்செட் ஸ்லாட்டிலேயே போட்டால் ஒரு பயனும் இல்லை, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்டு உதவ வேண்டுமென்றால் அது ப்ராசசருக்கு நேரே போகும் லேனில் உட்கார வேண்டும்.

ரைசன் போர்டுகளில் பின்பக்கம் சில யூஎஸ்பி போர்ட்கள் நேரே ப்ராசசரிலிருந்தே வருகின்றன, வேலை டிஸ்க்குக்கு அவைதான் முதல் இடம். இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகளில் யூஎஸ்பி சிப்செட் வழிதான் வரும், ஆனால் பாலம் அகலம், அதனால் கவலை குறைவு.

மதர்போர்டில் போர்ட் தீர்ந்துவிட்டது, நாலு ஐந்து ரீடரில் ஒரே நேரத்தில் இறக்கியாக வேண்டும் என்கிற அளவுக்கு வேலை இருந்தால் அப்போது கார்டு வாங்கலாம். ஒரு போர்ட்டுக்கு ஒரு கன்ட்ரோலர் என்று நாலு தனிச் சிப்களோடு வருகிற ×4 கார்டுகள் இருக்கின்றன, விலை அதிகம், ஆனால் ஒரு போர்ட்டில் நடப்பது அடுத்ததைப் பாதிக்காது. நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் ஒரே யூஎஸ்பி கார்டு வகை அதுதான்.

டிஸ்க் காப்பி நடுவில் காணாமல் போய்த் திரும்ப வருகிறது

இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒருவரின் திருமணமோ பேட்டியோ அதில் இருக்கிறது, திரும்ப எடுக்க முடியாது. அறுபட்ட காப்பியை அப்படியே நம்பாமல் செக்சம் (மூலமும் காப்பியும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் எண்) பார்த்துக் காப்பி செய்யும் கருவியை உபயோகியுங்கள், டாவின்சி ரிசால்வின் மீடியா பக்கத்தில் இருக்கும் குளோன் டூலே போதும். கேமரா கார்டை அதுவரை அழிக்காதீர்கள்.

காரணம் தேடும் வரிசை: முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கத்துக்கு வாருங்கள், கேஸ் கேபிளில் சிக்னல் தேய்வது சகஜம். நீளக் கேபிளை விட்டுக் குட்டைக்கு மாறுங்கள், 10 கிகாபிட்டுக்குச் சாதாரண கேபிள் ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. மின்சாரம் போதுகிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 3 டைப் ஏ போர்ட் 900 மில்லிஆம்பியர் தர வேண்டும், ஒரு என்விஎம்இ பெட்டி எழுதும்போது அதைத் தாண்டி இழுக்கலாம். மின்சார விஷயத்தில் கார்டு இன்னும் பலவீனம்: ×1 கார்டுக்கு ஸ்லாட் தருவது 10 வாட்தான், நாலு போர்ட்டிலும் டிஸ்க் போட்டால் 18 வாட் வேண்டும். அதனால்தான் நல்ல கார்டுகளில் சாட்டா பவர் கனெக்டர் ஒன்று வைத்திருப்பார்கள். அதை இணைக்காமல் விட்டிருந்தால் அறுபடத்தான் செய்யும், கேஸைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள், பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டையும் ஆஃப் செய்யுங்கள். கடைசியாக பயாஸ், அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருள். 2021-இல் ஏஎம்டி 500 வரிசை சிப்செட் போர்டுகளில் யூஎஸ்பி விட்டுவிட்டு அறுபடுவதை ஏஎம்டியே ஒப்புக்கொண்டு அஜீசா (பயாஸுக்கு ஏஎம்டி தரும் அடிப்படைப் பகுதி) 1.2.0.2 பயாஸில் திருத்தம் கொடுத்தது. பழைய பயாஸோடு இன்னும் ஓடும் போர்டு என்றால் அப்டேட் செய்வது கார்டு வாங்குவதைவிட நல்ல வழி.

இத்தனையும் செய்தும் அதே போர்ட்டில் வேறு டிஸ்க்கும் அறுபடுகிறது என்றால் அந்தக் கன்ட்ரோலரிலோ போர்ட்டிலோ நிஜக் கோளாறு. அப்போது கார்டு வாங்குங்கள், தவறில்லை.

முதல் நிமிடம் பறக்கிறது, பிறகு இழுக்கிறது

போர்ட்டின் மேல் பழி போடாதீர்கள். எஸ்எஸ்டியின் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியிருக்கும், கியூஎல்சி என்கிற மலிவு எஸ்எஸ்டி வகையில் இது மிக அதிகம், அல்லது பெட்டி சூடாகித் தானே வேகத்தைக் குறைத்திருக்கும். தொட்டுப் பாருங்கள், ஒரு சின்ன விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு மீண்டும் அளங்கள்.

கன்ட்ரோலரில் வளம் போதவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது

கலர் பேனல், ஆடியோ இன்டர்ஃபேஸ், டாங்கிள், வெப்கேம், ரீடர், ஹப் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இந்தச் செய்தி வரும், புதிதாகச் சொருகியது வேலை செய்யாது. ஒரு கன்ட்ரோலர் கையாளக்கூடிய எண்ட்பாயின்ட் (சாதனத்தோடு பேசும் டேட்டா வழி) எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, இன்டெலின் பல கன்ட்ரோலர்களில் அது 96. ஒரு சாதனமே பல எண்ட்பாயின்ட்களை எடுத்துக்கொள்ளும். எத்தனை ஹப் வாங்கினாலும் இது தீராது, ஏனென்றால் எல்லாம் போய்ச் சேர்வது அதே கன்ட்ரோலரில். இங்கே தனிக் கார்டுதான் நேரான தீர்வு, மலிவான கார்டே போதும், வேகம் கேட்காத சாதனங்களை அதற்கு மாற்றிவிடலாம்.

கார்டு போட்டதும் வேறொன்று காணாமல் போனது

ஒரு எம்.2 டிரைவ் மறைந்தது, அல்லது இரண்டு சாட்டா போர்ட் செத்துவிட்டது. எதுவும் கெடவில்லை, லேன் பங்கீடு. மேனுவலில் ஸ்லாட்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் இந்த ஸ்லாட்டை உபயோகித்தால் அது முடங்கும் என்று போட்டிருப்பார்கள். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். கிராபிக்ஸ் கார்டு ×16-இலிருந்து ×8-க்கு இறங்கினால் பயப்பட வேண்டாம், பிசிஐஇ 4.0 ×8 என்பது 3.0 ×16-க்குச் சமம், எடிட்டிங்கில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. ப்ராசசர் லேனில் ஒரு கார்டு வைக்க இது கொடுக்கத் தகுந்த விலைதான்.

தண்டர்போல்ட் கார்டு இருக்கிறது, எதுவும் தெரியவில்லை

தண்டர்போல்ட் கார்டு மற்றக் கார்டு மாதிரி எந்த போர்டிலும் போட்டு ஓட்டக்கூடியதில்லை. மதர்போர்டில் அதற்கென்று ஹெட்டர் இருக்க வேண்டும், கார்டோடு வரும் சின்னக் கேபிளை அதில் இணைக்க வேண்டும், பயாஸில் தண்டர்போல்ட்டை இயக்க வேண்டும், மேனுவல் சொல்லும் அதே ஸ்லாட்டில் கார்டு இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வராது. டிஸ்க் வருகிறது, மானிட்டர் மட்டும் வரவில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து தண்டர்போல்ட் கார்டின் உள்வரும் போர்ட்டுக்கு ஒரு குட்டிக் கேபிள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். புதுக் கம்ப்யூட்டர் கட்டப்போகிறவர், தண்டர்போல்ட் பெட்டிகளை நம்பி வேலை செய்கிறவர் என்றால் போர்டிலேயே அது இருக்கிற மாதிரி வாங்கிவிடுங்கள், பின்னால் சேர்க்கலாம் என்று விடாதீர்கள்.

டிஸ்க் சொருகினால் வயர்லெஸ் மவுஸ் தாவுகிறது

யூஎஸ்பி 3 சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும், இன்டெலே 2012-இல் இதைப் பற்றி விளக்க அறிக்கை வெளியிட்டது. மவுஸின் டாங்கிளை (யூஎஸ்பி ரிசீவர்) ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிளில் மேசை மேல் கொண்டுவாருங்கள். முடிந்தது.

வேகச் சோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது, டைம்லைன் மட்டும் திக்குகிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ (எடிட்டிங்குக்கான வீடியோ வகை), 3840×2160, நொடிக்கு 29.97 ஃபிரேம் என்றால் 884 மெகாபிட், அதாவது 110 மெகாபைட். நாலு கேமரா சேர்த்து ஓட்டினால் 440, அப்போது 5 கிகாபிட் போர்ட் நிஜமாகவே மூச்சு முட்டும், 10-க்கு மாறுங்கள். ஆனால் கேமராவிலிருந்து வந்த 200 மெகாபிட் ஹெச்.265 கோப்பு நொடிக்கு 25 மெகாபைட்தான், எந்தப் போர்ட்டும் அதைத் தாங்கும். அது திக்குகிறது என்றால் டிகோட் (சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலை) பிரச்சினை. முக்கியமாக 10 பிட் 4:2:2 வகை ஹெச்.265: இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் உள்கிராபிக்ஸ் அதை ஹார்டுவேரிலேயே டிகோட் செய்கிறது, என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. பயாஸில் உள்கிராபிக்ஸை அணைத்து வைத்திருந்தால் இயக்கிவிடுங்கள், எடிட்டிங் மென்பொருளின் செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ப்ராக்ஸி (எடிட்டுக்கான இலேசான நகல்) உருவாக்குங்கள்.

மானிட்டர் கேபிள் எங்கே போகிறது என்றும் பாருங்கள். மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐயில் சொருகியிருந்தால் திரை உள்கிராபிக்ஸில் ஓடுகிறது, விலை கொடுத்து வாங்கிய கார்டின் உழைப்பு முழுதாகத் திரைக்கு வராது. மானிட்டர் கிராபிக்ஸ் கார்டில், உள்கிராபிக்ஸ் டிகோடுக்கு மட்டும், இதுதான் சரியான ஏற்பாடு. கலர் பார்க்கும் மானிட்டருக்கு மட்டும் டெக்லிங்க் போன்ற தனி வீடியோ கார்டு போடுவது நியாயம், ஏனென்றால் அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கலர் கையாளலைத் தாண்டி நேரே சிக்னல் தருகிறது, மதர்போர்டிலோ கிராபிக்ஸ் கார்டிலோ அந்த உறுதி கிடைப்பதில்லை.

பொதுச் சேமிப்பிலிருந்து எடிட் செய்தால் மட்டும் மெதுவாக இருக்கிறது

1 கிகாபிட் நெட்வொர்க் 110 மெகாபைட் தரும், மேலே பார்த்த ஒரு ப்ரோரெஸ் ஓட்டத்துக்கே சரியாகப்போய்விடும். பல போர்டுகளில் இப்போது 2.5 கிகாபிட் உள்ளேயே இருக்கிறது, அது 280-ஐ ஒட்டித் தரும். மறுமுனையில் ஸ்விட்சும் சேமிப்பும் அதே வேகம் கொண்டவையா என்று பாருங்கள், ஒன்று 1 கிகாபிட்டாக இருந்தாலும் எல்லாம் அதற்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று பேர் ஒரே சேமிப்பில் வேலை செய்தால் 10 கிகாபிட் கார்டு போடுங்கள். பிசிஐஇ 3.0-இல் ஒரு லேன் ஏறக்குறைய போதும், நாலு லேன் இருந்தால் தயக்கமே இல்லை. பழைய சர்வர் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் பல பிசிஐஇ 2.0 ×8, ×1 ஸ்லாட்டில் போட்டால் 500-க்கு மேல் போகாது, அதோடு சர்வரின் பலமான காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை, சாதாரண கேஸில் கொதிக்கும், விசிறி ஒன்று நேராக அடிக்கிற மாதிரி வையுங்கள்.